நிக்காஹ்வும் நாட்டெல்லையும்: ஒரு வரலாற்றுப் பார்வை



 

நமது சங்கரன்கோவிலிலும், அதன் அண்மையிலுள்ள புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களிலும் பிழைப்பின் நிமித்தம் கடல் கடந்து சென்ற உறுப்பினர் இல்லாத உறவின்முறையைக் காண்பது அரிது. தறியையும் சிறு வணிகத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வளைகுடா நாடுகளிலும், மலேசியா, சிங்கப்பூரிலும், அதற்கப்பாலும் பணியாற்றி வருகின்றனர். நிக்காஹ் முடிந்த சில வாரங்களிலேயே மணமகன் விமானம் ஏறி விடுகிறார். பின்னர் மனைவியைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள விழையும்போது விசா என்னும் வாசலின் முன் அவர் நின்றாக வேண்டியிருக்கிறது.

அத்தருணத்தில்தான் பள்ளிவாசல் அலுவலகத்தை நாடிப் பலரும் வருகின்றனர். நிக்காஹ் தப்தரின் நகல் வேண்டும் என்பார் ஒருவர். பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் விண்ணப்பம் திரும்பிவிட்டது என்பார் இன்னொருவர். “வலீயும் சாட்சிகளும் இருக்க, மஹர் நிச்சயிக்கப்பட்டு, ஜமாஅத்தார் முன்னிலையில் நடந்த நிக்காஹ்வுக்கு அரசாங்க முத்திரை எதற்கு?” என்று மனம் நொந்து கேட்பவர்களும் உண்டு.

இக்கேள்வி நியாயமானதே. ஆனால் இது புதிய கேள்வி அன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே ஒரு முஸ்லிம் கணவர் இதே கேள்வியோடு ஒரு துறைமுகத்தில் நின்றார். அவருடைய வழக்கு ஒரு நாட்டையே உலுக்கியது. தமிழ்ப் பெண்கள் சிறை புகுந்தனர். பதினாறு வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி உயிர் துறந்தாள். அவ்வரலாற்றை நம் ஜமாஅத்தார் அறிந்துகொள்வது இன்றைய நம் கடமைகளை உணர்ந்துகொள்ளவும் உதவும் என்பதால் இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள்

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘டிரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைச் சுமந்துகொண்டு நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகப் பணிபுரிய அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். 1911-ஆம் ஆண்டு இம்முறை நிறுத்தப்படும் வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். இவர்களைத் தொடர்ந்து, தம் சொந்தச் செலவில் கப்பலேறிய வணிகர்களும் சென்றனர். அவர்களில் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம்களே மிகுதி. 1893-இல் இளம் வழக்கறிஞரான காந்தியடிகளைத் தென்னாப்பிரிக்காவுக்கு வரவழைத்ததும் தாதா அப்துல்லா என்னும் முஸ்லிம் வணிகரின் நிறுவனமே என்பதை அனைவரும் அறிவர்.

இந்தியர்களின் உழைப்பை விரும்பிய வெள்ளையர் ஆட்சி, அவர்கள் குடும்பமாக வேரூன்றுவதை விரும்பவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதித்தது. இவ்வரி பெண்களையும், பருவமடைந்த பிள்ளைகளையும் கூட விட்டு வைக்கவில்லை. 1897-இல் நேட்டால் அரசு, ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதோர் உள்ளே நுழையத் தடை விதித்தது. டிரான்ஸ்வாலில் 1906-இல், இந்தியர் ஒவ்வொருவரும் விரல்ரேகை பதித்துப் பதிவுச்சீட்டு பெற வேண்டும் என்ற சட்டம் முன்வைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய பெருங்கூட்டத்தில், இறைவனைச் சாட்சியாக வைத்து இச்சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என உறுதியேற்க வேண்டும் என்று முழங்கியவர் ஹாஜி ஹபீப் என்னும் முஸ்லிம் பெரியவர்.

1908-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள், ஜோஹன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசலின் வளாகத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட பதிவுச்சீட்டுகள் தீக்கிரையாக்கப்பட்டன. ஹமீதியா இஸ்லாமியச் சங்கத்தின் தலைவராக விளங்கிய இமாம் அப்துல் காதிர் பாவஸீர் அவர்கள் இப்போராட்டத்தில் சிறை சென்றவர். பிற்காலத்தில் இந்தியா வந்து சபர்மதி ஆசிரமத்தில் தங்கி, 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்திலும் பங்கேற்றவர். பள்ளிவாசலின் இமாமுக்கும் குடியேற்றச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் வினவினால், அப்பெருந்தகையின் வாழ்வையே விடையாகக் கூறலாம்.

1913 மார்ச் 14: ஒரு தீர்ப்பு

அன்று போர்ட் எலிசபெத் எனப்பட்ட துறைமுக நகரில் குடியிருந்தவர் ஹஸன் ஈசூப். அவர் தாயகம் வந்து, இஸ்லாமிய முறைப்படி மர்யம் பாய் என்னும் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டார். அப்பெண்மணியுடன் அவர் மீண்டும் சென்றபோது, குடியேற்ற அதிகாரிகள் அவருடைய மனைவியைக் கரையிறங்க அனுமதிக்கவில்லை. வழக்கு கேப் மாகாண உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அம்மாகாணத்தின் 1906-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், அங்கே நிலையாகக் குடியிருப்பவரின் மனைவியும் மைனர் பிள்ளைகளும் வருவதற்குத் தடை கூறவில்லை. மனைவிக்கு உரிமை உண்டு. ஆனால் ‘மனைவி’ என்பவர் யார்? இதுவே நீதிபதி சர்ல் அவர்கள் முன் நின்ற கேள்வி. 1913 மார்ச் 14-ஆம் நாள் அவர் வழங்கிய தீர்ப்பின் சாரம் இதுதான்: பலதார மணத்தை அனுமதிக்கும் ஒரு சமயத்தின் முறைப்படி நடந்த திருமணத்தை இந்நாட்டுச் சட்டம் திருமணமாக ஏற்காது. ஆகவே மர்யம் பாய் சட்டத்தின் பார்வையில் மனைவி ஆகார்.

ஹஸன் ஈசூபுக்கு வேறு மனைவியர் இருந்தனரா என்பதன்று அங்கே எழுந்த கேள்வி. இன்னொரு மணத்துக்கு அவருடைய சமயம் இடம் தருகிறது என்பதே அவருடைய மணத்தைச் செல்லாததாக்கப் போதுமானதாயிற்று. இவ்வெண்ணம் அந்நீதிபதி புதிதாகக் கண்டதும் அன்று. 1866-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நீதிமன்றம் ‘ஹைட்’ வழக்கில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறர் எவரையும் விலக்கி ஆயுள் முழுவதும் இணைவதே கிறிஸ்தவ உலகம் அறிந்த திருமணம் என்று இலக்கணம் வகுத்திருந்தது. அவ்விலக்கணம் ஆங்கிலேயரின் கொடி பறந்த நாடெங்கும் உடன் சென்றது.

தீர்ப்பு ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வழக்கில் வந்ததாயினும், அதன் நிழல் ஹிந்துக்கள், பார்சிகள் ஆகிய அனைவர் மீதும் விழுந்தது. கிறிஸ்தவ முறைப்படியோ பதிவாளர் முன்னிலையிலோ நடைபெறாத இந்தியத் திருமணங்கள் யாவும் கேள்விக்குள்ளாயின. பல்லாண்டு இல்லறம் நடத்திய பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்களில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அவர்கள் ஈன்ற மக்களின் வாரிசுரிமையும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. தாயகம் சென்ற பெண் திரும்பி வர இயலுமா, ஊரில் விட்டு வந்த துணைவியை அழைத்துக்கொள்ள முடியுமா என்ற அச்சம் ஒவ்வொரு வீட்டையும் பற்றியது.

தமிழ்ப் பெண்களின் தியாகம்

அதுவரை ஆண்களே நடத்திய போராட்டத்தில் இத்தீர்ப்புக்குப் பின்னர் பெண்கள் முன்வந்தனர். டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கத்தினர், இந்நிலை மாறாவிடில் சிறை செல்வோம் என்று அரசுக்கு அறிவித்தனர். அரசு செவி சாய்க்கவில்லை. 1913 ஆகஸ்ட் 1 முதல் புதிய குடியேற்ற ஒழுங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் இந்தியரின் திருமணங்களுக்கு உரிய பாதுகாப்பு கிட்டவில்லை.

செப்டம்பர் மாதம் கஸ்தூர்பா காந்தி அம்மையார் உள்ளிட்ட பதினாறு பேர் அனுமதியின்றி எல்லை கடந்து கைதாயினர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தம்பி நாயுடுவின் துணைவியார் வீரம்மாள் அவர்களும் அக்குழுவில் இருந்தார். கைக்குழந்தைகளை ஏந்தியவாறு நியூகாசில் சென்ற அப்பெண்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நியாயத்தை எடுத்துரைக்கவே, அக்டோபரில் வேலைநிறுத்தம் மூண்டது. முஸ்லிம் பெண்களும் பின்தங்கவில்லை. ஷேக் மெஹ்தாபின் துணைவியார் பாத்திமாவும், அவருடைய தாயார் ஹனீபா பாயும் சிறை புகுந்தனர்.

நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் அடங்கிய பேரணி டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தது. குடும்பம் குடும்பமாக எல்லையைக் கடந்து கைதாவதே அவர்களது நோக்கம். ‘குடும்பம் எல்லை கடக்கலாகாது’ என்று கூறிய சட்டத்துக்கு அவர்கள் அளித்த மறுமொழி அதுவே.

தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்டு ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை, சிறையில் கண்ட நோயால் மெலிந்து, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தார். அவர் பதினாறாவது வயதை எட்டிய நாளும் அதுவே. முஸ்லிம் பெண்ணொருத்தியின் நிக்காஹ் மறுக்கப்பட்ட வழக்கிலிருந்து எழுந்த போராட்டத்தில் ஹிந்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி தன் உயிரை ஈந்தாள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டும்.

1914: எதைப் பெற்றனர்? எதைப் பெறவில்லை?

தாயகத்தில் கோகலே போன்றோர் குரல் கொடுத்தனர். அரசப் பிரதிநிதியான ஹார்டிஞ்சு பிரபுவே 1913 நவம்பரில் சென்னையில் ஆற்றிய உரையில் சத்தியாக்கிரகிகளின்பால் தம் அனுதாபத்தை வெளியிட்டார். அரசு பணிந்தது. விசாரணைக் குழு அமைந்தது. 1914-ஆம் ஆண்டின் நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டம் வழங்கியவற்றை வரிசைப்படுத்திக் காண்போம். முதலாவது, 3 பவுன் வரி ஒழிந்தது. இரண்டாவது, இந்தியச் சமயங்களைச் சார்ந்த குருமார்களைத் திருமண அதிகாரிகளாக நியமிக்க வழி பிறந்தது. மூன்றாவது, நடைமுறையில் ஒருதாரமாக உள்ள திருமணங்களைப் பதிவு செய்து சட்டத் தகுதி பெறலாம் என்றானது. நான்காவது, அங்கே குடியிருக்கும் இந்தியரின் ஒரு மனைவியும், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் உள்ளே வரலாம் என்பது உறுதியாயிற்று. ஐந்தாவது, பெருவிரல் ரேகை பதித்த பழைய குடியிருப்புச் சான்று, சான்றுக்கு உரியவர் அவரே என்று மெய்ப்பிக்கப்பட்டால், நாட்டினுள் நுழையும் உரிமைக்கு முடிவான ஆதாரமாகக் கொள்ளப்பட்டது.

பெறாதது எது? சமயமுறைத் திருமணம் அதன் தகுதியிலேயே செல்லும் என்ற ஒப்புதலை அவர்கள் பெறவில்லை. பதிவு செய்தால் செல்லும், ஒருதாரமாயின் செல்லும் என்ற நிபந்தனைகளோடுதான் கதவு திறந்தது. அவ்வாறு திறந்த கதவும் நிலையாகத் திறந்திருக்கவில்லை. இனஒதுக்கல் ஆட்சி 1953-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், அதன் பின்னர் இந்தியாவில் மணமுடிக்கும் பெண்கள் தென்னாப்பிரிக்காவிலுள்ள தம் கணவர்களிடம் வருவதையே தடை செய்தது.

1994-இல் அங்கே மக்களாட்சி மலர்ந்தது. 2014-இல் நூற்றுக்கும் மேற்பட்ட இமாம்கள் பயிற்சி பெற்று அரசின் திருமண அதிகாரிகளாயினர். ஆயினும் பதிவு செய்யப்படாத நிக்காஹ்வின் நிலை தீரவில்லை. கணவன் பிரிந்தபோதும் இறந்தபோதும் மனைவியரும் பிள்ளைகளும் நீதிமன்றப் படிகளில் அலைந்தனர். இறுதியாக 2022 ஜூன் 28 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், முஸ்லிம் திருமணங்களையும் அவற்றின் முறிவையும் சட்டம் அங்கீகரிக்காமல் இருப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. மர்யம் பாயின் வழக்கிலிருந்து இத்தீர்ப்பு வரை சென்ற காலம் 109 ஆண்டுகள்.

இலங்கையும் மலாயாவும்

இவ்வரலாறு தொலைதூரத் தென்னாப்பிரிக்காவோடு முடிவதன்று. நம் பகுதியினர் பெருமளவில் சென்ற இலங்கையிலும் மலாயாவிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது.

இலங்கை விடுதலை பெற்றபின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு வழி வைத்தது. மணமானவர் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் 1946-க்கு முன் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அத்துடன் மனைவியும் மைனர் பிள்ளைகளும் இலங்கையிலேயே இடைவிடாது குடியிருந்திருக்க வேண்டும் என்றும் விதித்தது.

இந்நிபந்தனையின் கூர்மையை நம் மக்கள் உடனே உணர்வர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து சென்று கொழும்பில் கடை வைத்திருந்த முஸ்லிம் வணிகர்களின் வழக்கம் என்ன? ஆண்கள் அங்கே, பெண்டு பிள்ளைகள் ஊரிலே! பிரசவத்துக்கும், பெரியோரைப் பேணவும், பிள்ளைகளின் மார்க்கக் கல்விக்கும் குடும்பம் தாயகத்தில் இருந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் பேறுகாலத்துக்கும் நன்மை தீமைகளுக்கும் மனைவியை ஊருக்கு அனுப்பி வைத்தவரே. நம் பண்பாடு கடமையாகக் கருதிய ஒன்றை, அந்நாட்டின் மீது பற்றில்லாமைக்கு அடையாளமாகச் சட்டம் எண்ணியது. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்காக அளிக்கப்பட்டன. குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. எஞ்சியோரின் தலைவிதி 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கைக் கணக்காகத் தீர்மானிக்கப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தபோது, உறவுகளும் பிரிந்தன.

மலாயா, சிங்கப்பூர் வரலாறு நம் பக்கத்து ஊரான கடையநல்லூரோடு பின்னிப் பிணைந்தது. பொதுவாக அன்றைய தமிழர்கள் தனியராகக் கப்பலேறிச் செல்ல, கடையநல்லூர் முஸ்லிம்களோ மனைவி மக்களோடு சிங்கப்பூர் சென்று தஞ்சோங் பகார் பகுதியில் ஒரு மஹல்லாவைப் போலவே கூடி வாழ்ந்தனர். பெண்களும் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜுலா’ கப்பல் சென்றுவந்த அக்காலத்தில் போக்குவரத்து ஏறத்தாழத் தடையற்றதாகவே இருந்தது.

1953 ஆகஸ்ட் முதல் நிலை மாறியது. புதிய குடியேற்றச் சட்டத்தின்படி, தேவையான திறன் பெற்றோரும், அங்கே வாழ்வோரின் மனைவி மக்களும் மட்டுமே நுழைய முடிந்தது. 1959-இல் மலாயாவின் சட்டத் திருத்தம் அக்குடும்ப வாயிலையும் குறுக்கியது. 1954 டிசம்பருக்குப் பின் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவியருக்கும், ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. ‘பிள்ளை கொஞ்சம் வளரட்டும், ஊரில் வீடு கட்டி முடியட்டும், பிறகு அழைத்துக்கொள்வோம்’ என்று காத்திருந்தவர்களுக்குக் காலம் கடந்து போயிற்று. உரிமை இருந்தும், உரிய காலத்தில் விண்ணப்பிக்காத காரணத்தால் அதை இழந்தோர் அவர்கள்.

மேலை நாடுகளிலும் இதே கதைதான். பிரிட்டனில் குடியிருந்த மூன்று பெண்கள், தம் கணவர்களைத் தம்மிடம் வரவிடாத விதியை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றனர். அவர்களில் அப்துல் அஜீஸ் என்னும் குடும்பப் பெயருடைய, இந்திய வம்சாவளிப் பெண்மணியும் ஒருவர். ஆண்கள் மனைவியரை அழைக்கலாம், பெண்கள் கணவரை அழைப்பது கடினம் என்ற வேறுபாடு அநீதி என்று 1985 மே 28-இல் அவர்கள் வென்றனர். பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது? கணவர்களுக்கான வாயிலை அகலப்படுத்துவதற்குப் பதிலாக, மனைவியருக்கான வாயிலையும் அதே அளவுக்குக் குறுக்கி ‘சமத்துவம்’ கண்டது! நீதிமன்ற வெற்றி மட்டுமே குடும்பத்தை ஒன்று சேர்த்துவிடாது என்பதற்கு இது சான்று.

வரலாறு உணர்த்தும் பாடங்கள்

மேற்கண்ட நிகழ்ச்சிகள் அனைத்திலும் அதிகாரிகள் எழுப்பிய கேள்விகள் மூன்றே. இத்திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி செல்லுமா? செல்ல விரும்பும் நாட்டின் சட்டம் இதை ஏற்குமா? இது மெய்யான இல்லறமா, அன்றி நாட்டினுள் நுழைவதற்காக எழுதிய ஏடா? இன்று எந்நாட்டுக் குடும்ப விசா விண்ணப்பத்தை விரித்துப் பார்த்தாலும் இம்மூன்று கேள்விகளே அதில் பல உருவங்களில் அமர்ந்திருக்கக் காணலாம். ஆகவே நம் மஹல்லாவாசிகள் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: நம் நாட்டில் நிக்காஹ் செல்லுபடியாவதற்குப் பதிவு நிபந்தனை அன்று. ஆயினும் 2006-இல் உச்ச நீதிமன்றம் அனைத்துத் திருமணங்களையும் பதிவு செய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது. அதன்படி தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ஆம் ஆண்டு நவம்பர் முதல் எல்லாச் சமயத்தாருக்கும் நடைமுறையில் உள்ளது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. ஜமாஅத் தரும் நிக்காஹ் சான்று இப்பதிவுக்கு ஆதாரமாக அமையும். அதற்கு மாற்றாக அமையாது.

இரண்டு: தப்தரில் எழுதப்படும் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை பாஸ்போர்ட்டில் உள்ளவாறே இருக்க வேண்டும். ‘முஹம்மது’ என்னும் ஒரு பெயரையே ஆங்கிலத்தில் பலவாறு எழுதும் நம் வழக்கத்தால் தாமதமான விண்ணப்பங்கள் பல. நிக்காஹ் நாளன்று மணமக்களின் பாஸ்போர்ட் நகலையும் வாங்கி வைத்துப் பார்த்து எழுதுதல் எளிது. பின்னர் திருத்துவதோ கடினம்.

மூன்று: மணமகன் வெளிநாட்டிலிருந்தவாறே தொலைபேசி, காணொளி வாயிலாக நிக்காஹ் நடத்தும் வழக்கம் பரவி வருகிறது. அதன் மார்க்கச் சட்டம் ஒருபுறமிருக்க, நாட்டுச் சட்டங்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. சான்றாக, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மணமக்கள் இருவரும் ஒருங்கே இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன் பின்னர் அவர்கள் கூடி இல்லறம் நடத்தியிருந்தாலன்றி, குடியேற்ற உரிமைக்குரிய திருமணமாகக் கொள்வதில்லை. இயன்றவரை மணமகன் நேரில் வந்து நிக்காஹ் செய்வதே இரு குடும்பத்துக்கும் நலம்.

நான்கு: திருமணச் சான்றை வெளிநாட்டில் பயன்படுத்த, முதலில் மாநில அரசின் உரிய துறையும், பின்னர் வெளியுறவு அமைச்சகமும் சான்றொப்பமிட வேண்டும். ‘அப்போஸ்டில்’ எனப்படும் உலக உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இணைந்துள்ளது. சவூதி அரேபியாவுக்கு அது 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அவ்வுடன்படிக்கையில் இணையாத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் தேவைப்படும்.

ஐந்து: பொய்யான ஆவணம் எக்காரணம் கொண்டும் கூடாது. தேதியை முன்பின்னாக மாற்றித் தருமாறும், நடவாத நிக்காஹ்வுக்குச் சான்று தருமாறும் எவரும் ஜமாஅத்தை அணுக வேண்டாம். பொய்ச்சாட்சியம் பெரும்பாவம் என்பது மார்க்கம். பாஸ்போர்ட் பெறப் பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம் என்பது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு தப்தரில் ஒரு பொய் வெளிப்பட்டால், அந்த ஜமாஅத் தரும் மெய்யான சான்றுகள் அனைத்தும் ஐயத்துக்குள்ளாகும். ஒருவர் செய்யும் தவறுக்கு ஓரூரே விலை கொடுக்க நேரும்.

ஆறு: ஆலோசனையை அறிந்தவரிடமே கேட்க வேண்டும். பயண முகவர் வேறு, சட்டம் அறிந்தவர் வேறு. பிரிட்டனில் உரிய பதிவோ தகுதியோ இன்றிக் குடியேற்றச் சட்ட ஆலோசனை வழங்குவதே 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளிலும் பதிவு பெற்ற ஆலோசகர்கள் உள்ளனர். உள்ளூரில் பதிவு, பெயர்த் திருத்தம் போன்ற சட்டச் சிக்கல்களுக்கு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட, தாலுகா அளவில் சட்டப் பணிகள் அமைப்புகள் உள்ளன. பெண்கள் வருமான வரம்பின்றி அவற்றில் இலவச உதவி பெறலாம். கணவர் வெளிநாட்டிலிருக்க, ஊரில் தனித்து நிற்கும் நம் சகோதரிகள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

நிறைவாக

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளுமாறு திருமறையின் மிக நீண்ட வசனம் நமக்குக் கற்பிக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கே எழுத்து வேண்டுமெனில், ஒரு பெண்ணின் வாழ்வையும், பிள்ளைகளின் வாரிசுரிமையையும், ஒரு குடும்பம் ஒரே கூரையின் கீழ் வாழும் வாய்ப்பையும் தாங்கி நிற்கும் நிக்காஹ்வுக்கு அது எத்துணை அவசியம் என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

1913-இல் மர்யம் பாயிடம் இல்லாதது நிக்காஹ் அன்று. அந்த நிக்காஹ்வை ஏற்கும் சட்டமே அன்று இல்லை. அச்சட்டத்துக்காகப் பலர் சிறை சென்றனர். பலர் செல்வம் இழந்தனர். சிலர் உயிரையே இழந்தனர். இன்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. பதிவு அலுவலகம் நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல், விசா மறுக்கப்பட்ட பிறகு வருந்துவது அவர்களின் தியாகத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சென்ற ஆண்டுகளில் நிக்காஹ் முடித்து இன்னும் பதிவு செய்யாத தம்பதியர் தம் ஆவணங்களுடன் பள்ளிவாசல் அலுவலகத்தை அணுகினால், தப்தரின் நகலும் உரிய வழிகாட்டுதலும் வழங்கப்படும்.

பிரிந்திருக்கும் குடும்பங்கள் அனைத்தையும் வல்ல இறைவன் நலமாக ஒன்று சேர்ப்பானாக! நம் கணவன்மார்களுக்கும் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் கண்குளிர்ச்சியான வாழ்வை அருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.